கறுப்பு டப்பா இரண்டு, தையல் மெஷின் ஒன்று: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024இல் தீபாவளி அக்டோபர் 31ஆம் தேதி வந்தது. அதற்கு நான்கு வாரம் முன்பு, சிங்கப்பூரின் ஈசூனில் நான்காவது மாடியிலுள்ள ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், பாட்டியின் பழைய கால் மிதி தையல் மெஷினைப் புதுப்பித்துக் கூடத்தில் வைப்பது என்று முடிவெடுத்தார்கள். ஐம்பதைத் தொட்ட கணவன் மனைவி, கணவரின் அம்மா, எண்பதை நெருங்கும் அந்தப் பாட்டி, அவ்வளவுதான் குடும்பம். அந்த அம்மா இளவயதில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்த சிங்கர் மெஷின் அது. இப்போது யாரும் தைப்பதில்லை. ஆனால் தூக்கிப் போடவும் யாருக்கும் மனசு வரவில்லை.

மெஷினில் மூன்று பாகம். கீழே வார்ப்பிரும்புக் கால்கள், பூவேலை போட்ட கறுப்பு. மேலே மரப்பலகை, பழுப்பு நிறம். அதன் மேல் மெஷின் தலை, தங்க நிறக் கோலத்தோடு. மூன்றிலும் பூசியிருப்பது ஒரே வகைப் பூச்சு அல்ல என்பது யாருக்கும் அப்போது தோன்றவில்லை. பழசு, கறுப்பு, இரும்பு, மரம் என்று மட்டும்தான் பார்த்தார்கள்.

நான் கப்பல் பட்டறையில் பதினோரு வருடம் பெயின்ட் பிரிவில் இருந்தவன், இப்போது வேறு வேலை. அந்த வீட்டுக் கணவரை, நான் அண்ணன் என்று கூப்பிடுபவரை, அப்போதிலிருந்தே பழக்கம். விஷயம் கெட்டுப்போன பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். எனவே முதல் இரண்டு நாள் நடந்தது அவர்கள் சொன்னதும் படங்களில் இருந்ததும்தான், மற்றது நான் கண்ணால் பார்த்தது.

முதல் இரண்டு நாட்கள்

அக்டோபர் 5, சனிக்கிழமை. புளோக் பக்கத்து ஹார்ட்வேர் கடையில் கறுப்பு ஸ்ப்ரே ஒரு டப்பா வாங்கினார்கள், 7 வெள்ளி. கால்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, 320 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தாழ்வாரத்தில் செய்தித்தாள் விரித்து, காலை பத்து மணி வாக்கில் அடிக்க ஆரம்பித்தார்கள். இடது கால் முழுசாக இரண்டு பூச்சு வாங்கியது. பூவேலைக்குள் எல்லாம் புகுந்து அடிக்க வேண்டியிருந்ததால் டப்பா அங்கேயே தீர்ந்துவிட்டது. வலது கால் அப்படியே நின்றது.

மறுநாள் ஞாயிறு. முதல் கடை மூடியிருந்ததால் அடுத்த தெருக் கடையில் வேறொரு டப்பா. அதே உயரம், அதே கறுப்பு மூடி, முன்பக்கம் அதே 'கிளாஸ் பிளாக்', அதாவது பளபளப்புக் கறுப்பு. பதினொரு மணிக்கு வலது காலை அடித்து முடித்து, கை நிற்காமல் இடது காலுக்கும் 'ஒரு கை கூடுதலாக' விட்டிருக்கிறார் அண்ணன். ஐந்து நிமிடத்துக்குள் இடது கால் முழுக்கச் சுருங்கிவிட்டது. ஆறிய பாலில் கரண்டியை வைத்தால் ஆடை சுருண்டுகொண்டு வருமே, அந்த மாதிரி. வலது கால் கண்ணாடியாக மின்னியது.

மதியம் இடி மழை. மழை விட்டதும் நாலு மணிக்கு, அதே இரண்டாவது கடையில் வாங்கிய கிளியர் (நிறமில்லாத பூச்சு) டப்பாவை மரப்பலகையில் அடித்தார்கள். பத்து நிமிடத்தில் பலகை மேல் பால் பூத்தது போல ஒரு வெளுப்பு, நடுவில் கனமாக, ஓரங்களில் லேசாக.

அன்றிரவு வாட்ஸ்அப்பில் எனக்குப் படம் வந்தது.

என் முதல் தவறு

படத்தைப் பார்த்தேன், மழை பெய்தது என்று படித்தேன், உடனே 'எல்லாம் ஈரம்தான் அண்ணே, நல்லாக் காய விடுங்க' என்று பதில் போட்டேன். பாதிதான் சரி. வெளுப்புக்குக் காரணம் ஈரம். சுருக்கத்துக்கும் ஈரத்துக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டும் ஒரே நாளில், ஒரே வீட்டில், மழையை ஒட்டி நடந்ததால் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டேன். அவர்கள் என் பேச்சை நம்பித் திங்கட்கிழமை ஹேர் டிரையரைப் பிடித்து இடது காலைக் காய வைக்கப் பார்த்திருக்கிறார்கள், அது இன்னும் இளகிக் கையில் ஒட்ட ஆரம்பித்தது.

ஒரே டப்பாவில் அடித்த வலது கால் நன்றாக இருக்கும்போது இடது கால் மட்டும் ஏன் சுருங்க வேண்டும் என்ற கேள்வியை நான் ஞாயிறு இரவே கேட்டிருக்க வேண்டும். படத்தில் இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன.

செவ்வாய் மாலை நேரில் பார்த்தது

அக்டோபர் 8, வேலை முடிந்து போனேன். டப்பாக்களை வாங்கித் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது.

முதல் டப்பாவில் மறு பூச்சு பற்றி ஒரு வரி: ஒரு மணி நேரத்துக்குள் அடிக்கவும், அல்லது 48 மணி நேரம் கழித்து அடிக்கவும். இந்த வரி ஒன்றே போதும், அது எனாமல். இரண்டாவது டப்பாவில் 'அக்ரிலிக் லாக்கர்', பத்து நிமிடத்தில் காயும், எப்போது வேண்டுமானாலும் மறு பூச்சு.

இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வித்தியாசம்தான் மொத்தக் கதையும். லாக்கர் காய்வது என்றால் அதிலுள்ள கரைப்பான் பறந்துபோவது, அவ்வளவுதான். மிச்சமிருக்கும் படலத்தில் மறுபடி தின்னரை (பெயின்டைக் கரைக்கும் திரவத்தை) வைத்தால் மறுபடி கரையும், பத்து வருடம் கழித்து வைத்தாலும் கரையும். எனாமல் இரண்டு கட்டமாகக் காயும். முதலில் கரைப்பான் பறக்கும், அப்புறம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உள்ளுக்குள் பின்னிக்கொண்டு கெட்டியாகும். இந்த இரண்டாவது கட்டம் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் இழுக்கும். தொட்டால் ஒட்டாது, ஆனால் மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே இன்னும் பச்சை. அந்த நிலையில் லாக்கரின் கடுமையான கரைப்பான் மேலே விழுந்தால் உள்ளே இறங்கிப் படலத்தை ஊத வைக்கும். ஊதிய படலத்துக்குப் பரவ இடமில்லை, எனவே மடிந்து சுருங்கும். முதல் ஒரு மணி நேரத்தில் முழுப் படலமும் ஈரமாக இருப்பதால் புதுப் பூச்சு அதோடு கலந்துவிடும், பிரச்சினை வராது. நடுவில் இருக்கும் அந்த ஒன்றரை, இரண்டு நாள்தான் ஆபத்து. அண்ணன் சரியாக 25ஆவது மணி நேரத்தில் அடித்திருக்கிறார்.

முன்பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரை நம்ப முடியாது. 'அக்ரிலிக்' என்ற சொல் லாக்கரிலும் வரும், எனாமலிலும் வரும், தண்ணீரில் கரையும் பெயின்டிலும் வரும். 'எனாமல்' என்பதைச் சில கம்பெனிகள் பளபளப்பாக இருக்கும் எதற்கும் போட்டுவிடுகின்றன. வாசனையை வைத்துச் சொல்கிறவர்களும் உண்டு, லாக்கர் என்றால் நகப்பூச்சு நெடி, எனாமல் என்றால் மண்ணெண்ணெய் பக்கம் என்று. டின்னில் வரும் பெயின்டுக்கு அது ஓரளவு சரிவரும். ஸ்ப்ரேயில் இரண்டிலும் அசிட்டோன் கலந்திருப்பதால் மூக்கு ஏமாந்துபோகும். காயும் நேரமும் மறு பூச்சு வரியும்தான் நான் நம்புகிறவை.

அடுத்தது பஞ்சு சோதனை, பழைய பூச்சுகளைக் கண்டுபிடிக்க. சாதுவான திரவத்தில் தொடங்கிக் கடுமையானதுக்குப் போக வேண்டும், கண்ணில் படாத மூலையில். பலகையின் அடிப்பக்கம் மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்தேன், அரை நிமிடத்தில் பழுப்பாகப் பஞ்சில் ஏறியது: ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சு. தண்ணீர் பெயின்டும் ஸ்பிரிட்டில் இளகும், ஆனால் பசை மாதிரி இழுபடும், இப்படித் தேநீர் நிறத்தில் சுத்தமாகக் கரையாது. மேல்பக்கத்து வெளுப்பில் தின்னர் வைத்தேன், ஐந்து விநாடியில் கரைந்தது, லாக்கர்தான். வலது காலில் தின்னர் வைத்தபோது புதுக் கறுப்பு பஞ்சோடு வந்துவிட்டது, அடியிலிருந்த பழைய கறுப்பு அசையவே இல்லை. அது அந்தக் காலத்தில் சூளையில் வைத்துச் சுட்ட பூச்சு, சும்மா ஒரு தின்னருக்கு மசியாது. இடது காலில் புதுக் கறுப்பு கரையாமல் தோல் போல உப்பிக்கொண்டு எழுந்தது. பாதி காய்ந்த எனாமல் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

மெஷின் தலையை மட்டும் தொட விடவில்லை. அண்ணனின் மனைவி, அதாவது அக்கா, அதையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கத் துணியோடு தயாராக நின்றார். தங்கக் கோலத்தின் மேல் இருப்பது ஷெல்லாக், ஸ்பிரிட் பட்டால் கோலமும் சேர்ந்து வந்துவிடும். 'அக்கா, இதுக்குத் தையல் மெஷின் எண்ணெய் மட்டும் போதும், மெதுவாத் துடைங்க' என்றேன். பாட்டி உள்ளேயிருந்து 'நான் அப்பவே சொன்னேன்ல' என்றார். அவர் சொன்னாரா என்று யாரும் விசாரிக்கவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. தாழ்வாரத்தில் அடித்த இடத்துக்கும் சாமி மாடத்துக்கும் இரண்டு மீட்டர்கூட இருக்காது. கதவு திறந்தே இருந்திருக்கிறது, விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஸ்ப்ரே டப்பாவில் தள்ளுவிசையாக இருப்பது பெரும்பாலும் எரிவாயு, காற்றைவிடக் கனம், தரையோடு தரையாக ஊர்ந்து போகும். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. கப்பல் பட்டறையில் இப்படிச் செய்திருந்தால் அன்றே என் சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

மைலோ டின் சோதனை

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. எனாமல் மேல் அதே எனாமலை 25 மணி நேரத்தில் அடித்தாலும் சுருங்க வாய்ப்பு உண்டு, டப்பாவே அதைத்தான் எச்சரிக்கிறது. அப்படியானால் குற்றம் லாக்கருடையதா, நேரத்துடையதா? முதல் வகை டப்பா புதிதாக ஒன்று வாங்கி, இரண்டாவது டப்பாவின் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், ஒரு பழைய மைலோ பானத்தூள் டின்னை உப்புத்தாள் போட்டு டேப் ஒட்டி மூன்று பட்டையாகப் பிரித்தேன். இரண்டு பட்டைக்கு எனாமல், ஒன்றுக்கு லாக்கர். மறுநாள் இரவு, சுமார் 25 மணி நேரம் கழித்து, அடுத்த பூச்சு.

எனாமல் மேல் லாக்கர் மூன்று நிமிடத்தில் பட்டை முழுக்கச் சுருங்கியது. எனாமல் மேல் எனாமல், கனமாக விழுந்த ஒரு மூலையில் மட்டும் சுருங்கியது, மெல்லிசாக விழுந்த இடத்தில் ஒன்றும் இல்லை. லாக்கர் மேல் எனாமல் துளிக் குறை இல்லாமல் உட்கார்ந்தது. ஆக நேரமும் குற்றவாளிதான், ஆனால் லாக்கர் அதைப் பல மடங்கு மோசமாக்கியது. இது ஒரு டின், ஒரு ராத்திரி, இதை வைத்து எல்லாப் பிராண்டுக்கும் பேச மாட்டேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கால்களுக்கு என்ன அடிப்பது என்பதில் மூன்று யோசனை இருந்தது. எல்லாவற்றையும் உரித்துவிட்டு லாக்கர் அடிப்பது ஒன்று. பூவேலை இடுக்குகளில் எனாமல் கொஞ்சமாவது தங்கிவிடும், அங்கே மறுபடி சுருங்கும் என்பதால் வேண்டாம் என்றேன். இரண்டாவது, கடைக்காரர் சிபாரிசு செய்த டூ-கே டப்பா, அதாவது இரண்டு பாகமாக இருக்கும் பூச்சு. அடியில் பட்டனை அழுத்தினால் உள்ளே ஹார்டனர் (கெட்டியாக்கும் திரவம்) கலக்கும், ஒருமுறை கலந்துவிட்டால் குறுகிய நேரத்துக்குள் அடித்து முடித்தாக வேண்டும், காய்ந்தால் பெட்ரோலுக்கும் அசையாது. ஆனால் பெரும்பாலும் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். மூச்சில் போனால் ஆஸ்துமா பிடிக்கும், ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் அப்புறம் துளி பட்டாலும் மூச்சு முட்டும். பட்டறையில் வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி போட்டுத்தான் நாங்கள் அடிப்போம். எண்பது வயதுப் பாட்டி இருக்கும் வீட்டில், எதிர்வீட்டில் கைக்குழந்தை இருக்கும் தாழ்வாரத்தில், துணி மாஸ்க்கோடு அதை அடிக்க நான் சம்மதிக்க மாட்டேன். அண்ணனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான், 'பெஸ்ட் இதுதானாம் தம்பி' என்று இரண்டு தடவை சொன்னார்.

மூன்றாவது, எனாமல். இடது காலில் இடுக்கில் தங்கியதும் எனாமல், வலது காலில் இருப்பது காய்ந்த லாக்கர், இரண்டின் மேலும் எனாமல் நிற்கும். இதையே எடுத்தோம்.

சுருங்கியதை அன்றே தின்னர் தொட்டுப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி எடுத்தோம். அடியிலிருந்த சுட்ட கறுப்பு அசையாமல் நின்றது பெரிய உதவி. அப்புறம் பதினோரு நாள் சும்மா விட்டோம். இதுதான் அவர்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, தீபாவளி நெருங்க நெருங்க.

பலகைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. லாக்கர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது, அதுதான் வெளுப்பு. சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். அவர்கள் அடித்தது மழை விட்ட கையோடு. கரைவதுதான் லாக்கரின் குணம் என்பதால் அதையே மருந்தாக்கலாம்: காய்ந்த நாளில் அதே லாக்கரை மேலே பனி போல லேசாக விட்டால் படலம் மறுபடி இளகி, மாட்டிய ஈரம் வெளியேறிவிடும்.

பின்னர் நடந்தது

அக்டோபர் 12, சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி, நல்ல வெயில், ஈரப்பத மானி 64 காட்டியது. பலகையைக் கால்களையும் சேர்த்து வேனில் ஏற்றி, அக்காவின் தம்பி குடியிருக்கும் தரைவீட்டுக் கார் நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோனோம். தாழ்வாரம் எல்லாருக்கும் பொது, வழியை அடைக்கவும் கூடாது, பக்கத்து வீட்டுக் கதவில் தூசி படியவும் கூடாது. கிளியர் லாக்கரை முப்பது சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து லேசாக விட்டேன். வெளுப்பு கண்ணெதிரே கலைந்தது, அக்கா கைதட்டினார். இடது மூலையில் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம் மட்டும் போகவில்லை. எப்போதோ சூடான டம்ளர் வைத்த தடம், அடியிலிருக்கும் ஷெல்லாக்கில் விழுந்தது. அதை விட்டுவிடச் சொன்னார் பாட்டி.

அக்டோபர் 19 கால்கள். முதலில் பின்பக்க இடுக்கில் ஒரு தொடுதல், பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தோம், சுருங்கவில்லை. 400 நம்பர் உப்புத்தாள், துடைப்பு, அப்புறம் எனாமல். இம்முறை மூன்று டப்பா ஒரே கடையில், ஒரே வகையில் வாங்கி வைத்துக்கொண்டு, மெல்லிய பூச்சு மூன்று, எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். இரண்டரை டப்பா தீர்ந்தது. நெடி ஒரு வாரம் இருந்தது, 27ஆம் தேதிதான் வீட்டுக்குக் கொண்டுவந்து பலகையைப் பூட்டினோம். தீபாவளி அன்று அதன் மேல் முறுக்குத் தட்டு இருந்தது, நானும் இரண்டு எடுத்தேன்.

பிப்ரவரியில் போனபோது கால்கள் அப்படியே இருந்தன. பலகையின் முன் ஓரத்தில், கை அடிக்கடி படும் இடத்தில், கிளியர் லாக்கர் நகம் அளவுக்குச் செதிலாக உரிந்திருந்தது. பழைய ஷெல்லாக்கில் மெழுகு இருக்கும், அதன் மேல் லாக்கர் சரியாகப் பிடிக்காது. ஷெல்லாக் என்று நானே கண்டுபிடித்த பிறகும் வெளுப்பைப் போக்குவதிலேயே குறியாக இருந்து இதை விட்டுவிட்டேன்.

இனி எதை மாற்றிச் செய்வோம்

சுருக்கமும் வெளுப்பும் ஒரே நாளில் வந்தால் தனித்தனியாக விசாரிப்பேன், டப்பாவின் பின்பக்கப் படத்தை வாங்காமல் போனில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். டப்பா போதாது என்று தோன்றினால் தொடங்குவதற்கு முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும், பாதியில் கடைக்கு ஓடினால்தான் வகை மாறுகிறது. மூடியின் நிறம் எதையும் சொல்லாது. பஞ்சு சோதனையை முதல் நாளே, உப்புத்தாள் எடுப்பதற்கு முன்பே செய்திருந்தால் இரண்டு வாரமும் ஐம்பது வெள்ளியும் மிச்சம்.

பலகைக்கு மெழுகு நீக்கிய ஷெல்லாக் ஒரு பூச்சு கொடுத்துவிட்டு அதன் மேல் லாக்கர் போயிருக்க வேண்டும். முன் ஓரத்தை மட்டும் இளக்கி எடுத்துவிட்டு அப்படிச் செய்யலாம் என்று பேசி வைத்திருக்கிறோம், மழை குறைந்த ஒரு சனிக்கிழமைக்கு. டம்ளர் தடத்தைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை.